கோப்பையா, முத்திரையா, நல்லாசிரியர் மாலையா? செஸ்ஸை வைத்துப் பாடம் சொல்லித்தரும் பள்ளிகளை எப்படிப் பாராட்டுவது

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரக் குழுவிடம் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்கிறது. அதை என்ன செய்வது என்று மூன்று மாதமாக அடித்துக்கொள்கிறோம். அடித்துக்கொள்வது என்றால், சமூக மன்றத்தில் டீ குடித்துக்கொண்டே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். பணம் கொடுத்தவர் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் ஒரு பெரியவர். மறைந்த மனைவியின் நினைவாகக் கொடுத்தார், நிபந்தனை ஒரே வரி: "செஸ்ஸ வச்சு நல்லா சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஒரு மரியாதை செய்யுங்க."

அந்த 'நல்லா'வில்தான் எல்லாச் சிக்கலும். குழுவில் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் அதற்கு ஐந்து அர்த்தம். கடைசியில் நான்கு வழிகள் மேசைக்கு வந்தன. நான் எதற்கு ஓட்டுப் போடப்போகிறேன், ஏன் என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது, ஏனென்றால் இதே கேள்வி வேறு வட்டாரக் குழுக்களுக்கும் இன்று இல்லாவிட்டால் நாளைக்கு வரும்.

முதல் வழி கோப்பை. பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளில் எந்தப் பள்ளி முன்னால் வருகிறதோ அதற்குக் கொடுத்துவிடுவது. குழுவில் ஓர் அண்ணன் இதில் உறுதியாக இருக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. சிங்கப்பூர்ச் சதுரங்கக் கூட்டமைப்பு 1949லிருந்து இருக்கிறது, போட்டி முடிவுகள் எண்ணாக வந்துவிடுகின்றன, யாரும் வந்து "எங்களுக்கு ஏன் இல்லை" என்று கேட்க முடியாது. நாம் யாரையும் எடை போடவே வேண்டாம், எடை ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

ஆனால் எடை போட்டது எதை? என் மகன் தொடக்கநிலை 5இல் படிக்கிறான், அவன் பள்ளி அணியில் ஆடும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரை எனக்குத் தெரியும். அவர்கள் செஸ் கற்றது பள்ளியில் இல்லை. சனிக்கிழமை ஓர் அகாடமி, ஞாயிற்றுக்கிழமை இணையத்தில் தனிப் பயிற்றுநர், விடுமுறையில் முகாம். பள்ளி செய்தது போட்டிக்குப் பெயர் கொடுத்ததும் பேருந்து ஏற்பாடு செய்ததும். 2024 டிசம்பரில் செந்தோசாவில் குகேஷ் 14ஆவது ஆட்டத்தில் அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரெனை வீழ்த்தி ஏழரைக்கு ஆறரை என்று உலகப் பட்டத்தை எடுத்தபோது அவருக்கு வயது 18. எங்கள் வட்டாரத்தில் அடுத்த ஒரு மாதத்துக்கு அதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. சென்னைப் பிள்ளை, அதுவும் நம் ஊரிலேயே நடந்த போட்டி, சொல்லவா வேண்டும்! என் பிள்ளையையும்தான் நான் இழுத்துக்கொண்டு போய் ஒரு வகுப்பில் சேர்த்தேன், மறைக்கவில்லை. போதாக்குறைக்குச் சில உயர்நிலைப்பள்ளிகள் நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு (தேர்வு முடிவு வருமுன்பே திறமையைப் பார்த்து இடம் கொடுப்பது) செஸ் திறனையும் பார்க்கின்றன என்று தெரிந்தபிறகு பெற்றோர் சும்மா இருப்பார்களா?

ஆக, கோப்பை கொடுத்தால் நாம் பாராட்டுவது பெரும்பாலும் பெற்றோரின் பணப்பையையும் வார இறுதிகளையும்தான். இன்னொன்றும் உண்டு. உயர்நிலைப்பள்ளிகளைத் தேர்ச்சியை வைத்துத் தரம் பிரிக்கும் வழக்கத்தைக் கல்வி அமைச்சே 2012இல் கைவிட்டது. அமைச்சு வேண்டாம் என்று விட்டதை ஒரு டீக்குழு 4,000 வெள்ளியை வைத்துக்கொண்டு மறுபடி தொடங்குவது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும்.

இரண்டாவது, படிநிலை முத்திரை: தங்கம், வெள்ளி, வெண்கலம். பள்ளி விண்ணப்பிக்கும், நாங்கள் மதிப்பெண் போட்டு ஒரு பலகை கொடுப்போம், அதை வாசலில் மாட்டிக்கொள்ளலாம். இங்கே இது பழகின வடிவம். பாலர் பள்ளிகளுக்கு 2011லிருந்து ஸ்பார்க் என்ற தரச்சான்றிதழ் இருக்கிறது, பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் அந்த அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். படிவம், ஆதாரம், மதிப்பீடு எல்லாம் பள்ளிகளுக்குக் கை வந்த கலை.

கை வந்த கலையாக இருப்பதுதான் எனக்குப் பயம். படிவம் நிரப்பத் தனி ஆள் வைத்திருக்கும் பள்ளி தங்கம் வாங்கும். ஒரே ஓர் ஆசிரியர் 30 பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு நல்ல காரியம் செய்யும் பள்ளி விண்ணப்பிக்கவே விண்ணப்பிக்காது. அப்புறம் படிநிலை. உணவங்காடிக் கடைகளில் 1997லிருந்து ஏ, பி, சி, டி என்று மாட்டிவைத்தார்களே, அது நினைவிருக்கிறதா? அது சுத்தத்துக்குப் போட்ட மதிப்பெண். சாப்பாட்டின் ருசிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் எங்கள் வீட்டுக்குக் கீழே 'பி' மாட்டியிருந்த பரோட்டாக் கடையில் எப்போதும் வரிசை, பக்கத்தில் 'ஏ' கடைக்காரர் ஈ ஓட்டுவார். எதை அளந்தோமோ அதை மட்டும்தான் எழுத்து சொல்லும். மற்றதையெல்லாம் பார்ப்பவர்கள் தாங்களே சேர்த்துப் படித்துக்கொள்வார்கள். நாங்கள் வெண்கலம் என்று ஒன்று வைத்தால், அடுத்த வாரமே வாட்ஸ்அப் குழுவில் "அந்தப் பள்ளிக்கு வெண்கலம்தானாம்" என்று வரும், அந்த 'தானாம்' போதும் ஒரு நல்ல ஆசிரியரைச் சோர்ந்துபோக வைக்க.

முத்திரை என்ற யோசனையை அதற்காக நான் ஒதுக்கவில்லை. படிநிலையைத்தான் ஒதுக்குகிறேன். இதற்குத் திரும்ப வருகிறேன்.

அதற்கு முன், செஸ்ஸைக் கல்விக்குப் பயன்படுத்துவது என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எந்த வழியும் தப்பாகத்தான் போகும். செஸ் கற்றுக்கொடுப்பது ஒன்று, செஸ்ஸை வைத்துக் கற்றுக்கொடுப்பது வேறொன்று. இரண்டும் ஒரே பலகையில் நடப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயே கல்விக்கென்று தனி ஆணையம் வைத்து, போட்டிப் பயிற்றுநர்களுக்கான படிப்பு வேறு, பள்ளி ஆசிரியர்களுக்கான படிப்பு வேறு என்று பிரித்துத்தான் நடத்துகிறது.

இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன், எங்கள் குழுவில் இதைச் சொன்னபோது எல்லோரும் செல்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். இங்கிலாந்தில் 100 தொடக்கப்பள்ளிகளை எடுத்துக்கொண்டு, 9, 10 வயதுப் பிள்ளைகளுக்கு வெளியிலிருந்து பயிற்றுநர்களை அனுப்பி 30 மணி நேரம் செஸ் சொல்லிக்கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துக் கணிதத்தில் சோதித்துப் பார்த்தால், செஸ் கற்ற பிள்ளைகளுக்கும் கற்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. 2016இல் வந்த முடிவு இது. 'செஸ் ஆடினால் மூளை வளரும், கணக்கு வரும்' என்று விளம்பரம் போடும் வகுப்புகள் இதைச் சுவரில் ஒட்டுவதில்லை. அடுத்த ஆண்டு டென்மார்க்கிலிருந்து வேறொன்று வந்தது. அங்கே முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு கணிதப் பாடத்தை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் செஸ்ஸை அடிப்படையாக வைத்த கணிதப் பாடம் நடத்தினார்கள். மதிப்பெண் கொஞ்சம் ஏறியது. பெரிதாக இல்லை, கொஞ்சம்தான். பள்ளியில் அலுப்புத் தட்டிப்போய், சந்தோஷம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது.

இந்த இரண்டையும் வைத்து முடிந்த முடிவாக எதையும் சொல்லிவிட முடியாதுதான், ஊர் வேறு, வயது வேறு, அளவு வேறு. ஆனால் எனக்கு ஒன்று புலப்பட்டது: செஸ் தானாக எதையும் மற்றப் பாடத்துக்குக் கடத்திக்கொண்டு போவதில்லை, யாராவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் வகுப்பாசிரியர்தான்.

ஒரு வகுப்பைப் பார்த்தேன். பெற்றோர் தொண்டூழியராகப் போன இடத்தில் தற்செயலாகப் பார்த்தது, பள்ளியின் பெயர் வேண்டாம். தொடக்கநிலை 3, தமிழ் வகுப்பு. பலகையில் சிப்பாய்கள் மட்டும்தான், ஆளுக்கு எட்டு. யாருடைய சிப்பாய் முதலில் அந்தக் கடைசி வரிசைக்குப் போகிறதோ அவருக்கு வெற்றி. ராஜா இல்லை, செக் இல்லை, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் ஆட்டம். ஆனால் ஒரு விதி. காயைத் தொடும் முன் காரணத்தை வாயால் சொல்ல வேண்டும், அதுவும் தமிழில், அதுவும் 'ஏனென்றால்' என்ற சொல் வந்தாக வேண்டும். வராவிட்டால் முறை போய்விடும்.

அந்தப் பத்து நிமிடம் நான் கேட்ட தமிழைச் சொல்ல வேண்டும். "நான் இத வெட்டினா நீ அத வெட்டுவ, நீ அத வெட்டினா என் சிப்பாய் ஓடிடும்." வீட்டில் ஆங்கிலத்தைத் தவிர வேறு எதுவும் பேசாத பிள்ளை அவன், எனக்குத் தெரியும், பக்கத்து புளோக். '-ஆல்' விகுதி போட்டு நிபந்தனை வாக்கியம் எழுது என்று பயிற்சித்தாளில் பத்துக் கோடு போட்டுக் கொடுத்தால் அவன் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். செஸ் பலகை என்பது நிபந்தனை வாக்கியம் உற்பத்தி செய்யும் இயந்திரம் என்று அந்த ஆசிரியருக்கு எப்படித் தோன்றியதோ, கும்பிடலாம் போல இருந்தது. (காய்களின் பெயரில் ஒரு தனிச் சண்டை ஓடியது. ஒரு பெண் பிள்ளை மூலைக்காயை யானை என்கிறாள், இன்னொருவன் ரூக் என்கிறான். பிஷப்புக்கு ஒருத்தி வீட்டில் மந்திரி, இன்னொருத்தி தாத்தா வீட்டில் ஒட்டகமாம். ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல், "அப்படின்னா ஏன் ஒட்டகம், காரணம் சொல்லு" என்று அதையும் பாடமாக்கிவிட்டார்.)

கணக்கிலும் இதுபோலச் செய்யலாம். பலகையில் மொத்தம் எத்தனை சதுரம் என்று கேட்டால் எல்லோரும் 64 என்பார்கள். இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று பெரிய சதுரங்களையும் எண்ணச் சொன்னால் 204 வரும், அந்த எண்ணுக்குப் போகும் வழியில் பிள்ளை 1, 4, 9, 16 என்ற வரிசையைத் தானே கண்டுபிடித்துவிடும். மூலையில் நிற்கும் குதிரைக்கு 2 வழி, நடுவில் நின்றால் 8. ஏன்? முதல் நகர்வில் வெள்ளைக்கு எத்தனை வழி இருக்கிறது? சிப்பாய்களுக்கு 16, குதிரைகளுக்கு 4, ஆக 20. இதற்கெல்லாம் செஸ் நன்றாக ஆடத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பிள்ளைக்கும் இல்லை, ஆசிரியருக்கும் இல்லை.

இதைப் போய்ப் பணம் கொடுத்த பெரியவரிடம் சொன்னேன். அவர் மனைவி பாலர் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். புளோக்குக்குக் கீழே இருக்கும் வெற்றுத்தளத்தில் கட்டம் போட்ட கல்மேசை இருக்குமே, அதில் சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்து இடது, வலது, மேல், கீழ் எல்லாம் காய்களை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பாராம். "அவங்க நல்லா ஆடுவாங்களா ஐயா?" என்றேன். சிரித்தார். "அவளுக்குக் கடைசி வரைக்கும் செக்மேட் வைக்கத் தெரியாதும்மா."

அதோடு கோப்பை என் கணக்கில் செத்துவிட்டது. அண்ணன் மன்னிக்க.

மூன்றாவது வழி, பள்ளியை விட்டுவிட்டு ஆசிரியரைப் பாராட்டுவது. இதற்கு நம்மிடையே நல்ல முன்மாதிரி இருக்கிறது. தமிழாசிரியர்களுக்கு 2002லிருந்து நல்லாசிரியர் விருது கொடுக்கிறார்கள். பிள்ளைகளும் பெற்றோரும் தங்கள் ஆசிரியரை முன்மொழியலாம், அந்த வகையில் அது மேலிருந்து கீழே இறங்கி வரும் விருது இல்லை. நான் பார்த்த அந்த ஆசிரியருக்கு ஒரு மேடை கிடைத்தால் எனக்குக் கண் கலங்கிவிடும். சரி, அப்படியென்றால் ஏன் இதற்கு நேராக ஓட்டுப் போடவில்லை?

ஆசிரியர்கள் மாறுவார்கள். அவர் அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்குப் போனால் சிப்பாய் ஆட்டம் அவரோடு பெட்டி கட்டிக்கொண்டு போய்விடும், பள்ளிக்கு ஒன்றும் மிஞ்சாது. தனி ஒருவரைப் பாராட்டினால் பள்ளி நிர்வாகத்துக்கு "அது அவர் ஆர்வம்" என்று கை கழுவ வசதி. கால அட்டவணையில் இடம் ஒதுக்கியவர், ஸ்டோர் ரூம் சாவியைக் கொடுத்தவர், பக்கத்து வகுப்பில் அதையே முயன்று பார்த்தவர், இவர்கள் யார் கண்ணிலும் படமாட்டார்கள். ஆசிரியர்களுக்கு நேரடியாகப் பரிசு கொடுப்பதில் விதிமுறைகள் வேறு உண்டு. பணமாகவோ பொருளாகவோ நாம் நினைத்ததைக் கொடுத்துவிட முடியாது.

நான்காவது வழியைக் குழுவில் இளையவர் ஒருவர் சொன்னார்: பாராட்டு எதற்கு, பொருளாகக் கொடுத்துவிடலாம். சுருட்டி வைக்கும் பலகையும் காய்களும் சேர்ந்து ஒரு செட் 20 வெள்ளி என்று வைத்தால் 200 செட் வாங்கலாம். கணக்கு சரி. ஆனால் நான் எட்டிப் பார்த்த ஸ்டோர் ரூமில் செட்டுகள் அடுக்கு அடுக்காகத் தூங்குகின்றன, ஒன்றிரண்டில் குதிரை மட்டும் காணாமல் போயிருக்கும். பற்றாக்குறை காய்களுக்கு இல்லை, ஆசிரியரின் நேரத்துக்கும் துணிச்சலுக்கும்தான். ஆர்மீனியாவில் 2011இல் செஸ்ஸைத் தொடக்கப்பள்ளியில் கட்டாயப் பாடமாக்கினார்கள், அது ஓர் அரசாங்கம் பின்னால் நின்று செய்கிற வேலை, நம் 4,000 அங்கே ஒரு சொட்டுக்கூட இல்லை.

சரி, என் ஓட்டு. படிநிலை இல்லாத ஒரே முத்திரை, பள்ளிக்கு, ஆனால் அதில் ஆசிரியர்களின் பெயர் பொறித்து. பன்மையில்தான் சொல்கிறேன்: குறைந்தது இரண்டு பேர், இருவரும் அந்தப் பள்ளியின் சொந்த ஆசிரியர்களாக இருக்க வேண்டும், குத்தகைக்கு வந்துபோகும் பயிற்றுநர் கணக்கில் சேரமாட்டார். பயிற்றுநர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, என் மகனுக்குச் சொல்லிக்கொடுப்பவர் அருமையான மனிதர், ஆனால் வெளியாள் வந்து செஸ் நடத்தும்போது வகுப்பாசிரியர் பின்னால் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மாறிப் போனாலும் விளக்கு அணையாது.

அடுத்து, தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. பாடநேரத்துக்கு வெளியே நடக்கும் இணைப்பாட நடவடிக்கையில் 20 பேருக்குப் பயிற்சி நடப்பது நல்லதுதான், அதற்குக் கோப்பைகள் ஏற்கெனவே உண்டு. நமக்கு வேண்டியது முழு வகுப்பும், செஸ் பிடிக்காத பிள்ளை உட்பட. ஏதாவது ஒரு பாடத்தோடு முடிச்சுப் போட்டிருக்க வேண்டும், எந்தப் பாடமாகவும் இருக்கலாம். படிவம் ஒரே பக்கம். மீதியை நாங்கள் நேரில் போய் ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொள்வோம். முத்திரை இரண்டு ஆண்டுக்குத்தான், பிறகு தானாகவே காலாவதி. காலாவதி ஆகாத பலகை எதற்கும் உதவாது, வாசலில் பித்தளை பளபளக்கும், உள்ளே ஒரு காயும் நகராது.

பணம்? பலகைக்குப் பெரிதாக ஆகாது. மிச்சத்தை வைத்து ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை, முத்திரை வாங்கிய ஆசிரியர்கள் தங்கள் ஒரு பாடத்தை மற்ற ஆசிரியர்களுக்கு நடத்திக் காட்டட்டும், மதியம் நல்ல பிரியாணி. பிரியாணிக்கு எதிராகக் குழுவில் ஒருவரும் ஓட்டுப் போடவில்லை என்பதையும் பதிவுசெய்து விடுகிறேன்.

இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. வகுப்புக்குள் வெளியாட்கள் வந்து உட்காருவதைப் பள்ளிகள் சுலபமாக அனுமதிக்கமாட்டார்கள். அனுமதிக்கவும் கூடாது, என் பிள்ளை வகுப்பில் முன்பின் தெரியாதவர் வந்து உட்கார்ந்தால் முதலில் கேள்வி கேட்பவள் நான்தான். முதல்வர் ஒப்புதல், பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது என்ற உறுதி, இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். அதனால் முதல் ஆண்டு பாலர் பள்ளிகளிலும் மாணவர் பராமரிப்பு நிலையங்களிலும் தொடங்கலாம் என்பது என் யோசனை, அங்கே பொறுப்பாளர் ஒருவர் சம்மதித்தால் வேலை நகரும். பெரியவரின் மனைவியும் பாலர் பள்ளிக்காரர்தானே. துணைப்பாட (டியூஷன்) நிலையங்களும் விண்ணப்பிக்கலாமா என்பதில் எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. எனக்கு வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது, முத்திரையை விளம்பரத்தில் போட்டுக் கட்டணத்தை ஏற்றிவிடுவார்கள். அக்கா ஒருவர் சம்மதிக்கவில்லை, அவர் ஒரு நிலையத்தில் பாடம் நடத்துகிறார், அவர் பக்கமும் நியாயம் இருக்கலாம்.

படிவத்தின் வரைவு என்னிடம்தான் இருக்கிறது. ஆறு கேள்விகள். கடைசிக் கேள்வி இது: 'உங்கள் வகுப்பில் செஸ்ஸில் எப்போதும் தோற்கும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு அந்தப் பிள்ளை பலகையிலிருந்து என்ன கற்றது?' அண்ணன் இதை எடுத்துவிடச் சொல்கிறார், பள்ளிகள் சங்கடப்படுமாம். வரும் சனிக்கிழமைக் கூட்டத்தில் மற்ற ஐந்தில் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன்.